இடெல்லா வீட்டு மச்சு வௌவால்கள்

இடெல்லா கிராண்டலுக்குக் குரல் பெரிது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவளுக்கு அது வேண்டியதுதான். பின்சீட்டில் எவனாவது வாலாட்டினால், முன்கண்ணாடியில் பார்த்தபடியே ஓர் அதட்டல் போடுவாள். மலைச்சாலையின் அடுத்த வளைவு வரைக்கும் பேருந்தில் மூச்சுச் சத்தம் கேட்காது. ஆனால் நாலு பெரியவர்கள் கூடிய இடத்தில் அவள் வாய் திறந்து அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துத் தெற்குப் பகுதியில், ஆற்றுப் பாலத்தைத் தாண்டி மேலே ஏறும் மண்சாலையில் இருக்கிறது கிராண்டல் வீடு. வெள்ளைப் பலகைச் சுவர், தகரக் கூரை, பின்னால் ஒரு கொட்டகை. இடெல்லா பிறந்தது அங்கேதான். இருபது வயது தாண்டியதும் ரட்லண்ட் நகரத்தில் பால்வண்டி ஓட்டிக்கொண்டிருந்த ஒருவனைக் கட்டிக்கொண்டு போனாள். குழந்தை தங்கவில்லை. பிறகு அவனும் தங்கவில்லை. அம்மா படுக்கையில் விழுந்த வருஷம் ஒரு பெட்டியோடு பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தாள். அம்மா போன பிறகும் அங்கேயே இருந்துவிட்டாள். வீட்டில் தம்பி ஹாலிஸ் இருந்தான். இரண்டு பேருக்கும் வேறு போக்கிடம் இல்லை. வேண்டும் என்றும் தோன்றவில்லை.

ஹாலிஸ் கல்யாணம் செய்துகொள்ளாதவன். கொட்டகையில் புல்வெட்டும் இயந்திரம், மரம் அறுக்கும் ரம்பம், பனி வாரும் இயந்திரம் என்று ஊரிலுள்ள பழுதெல்லாம் அவனிடம் வந்து கிடக்கும். கையெல்லாம் எண்ணெய், வாயெல்லாம் கிண்டல். அக்காவை அவன் ஒரு நாளும் அக்கா என்று கூப்பிட்டதில்லை. அங்கே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. டெல் என்பான்.

மாடிக்கு மேலே, கூரைக்கு அடியிலிருந்த மச்சில் வௌவால்கள் இருந்தன. அவர்கள் அப்பா காலத்திலேயே இருந்தன. மே மாதம் பனி முழுக்கக் கரைந்ததும் எங்கோ மலைக்குகைகளிலிருந்து வந்து சேரும். ஜூனில் குட்டி போடும். இலைகள் சிவக்கிறபோது ஒன்றும் இருக்காது. கட்டைவிரல் பருமன்தான் ஒவ்வொன்றும், ஆனால் நூற்றுக்கணக்கில். புகைபோக்கிக்குப் பக்கத்தில் கூரையும் சுவரும் சேரும் இடத்தில் ஒரு நீள இடுக்கு. அதுதான் அவற்றின் வாசல். வெயில் காலத்தில் மாடி அறைகளில் ஒரு புளித்த மூத்திர நாற்றம் அடிக்கும். கூரைப் பலகையில் தேநீர் கொட்டியது போல் கறை படியும்.

“ஆளைக் கூப்பிட்டு அதையெல்லாம் வெரட்டணும்டா” என்று இடெல்லா வருஷா வருஷம் சொல்வாள்.

“எதுக்கு? கொசு பிடிக்கிற வேலைக்கு ஆளு வெச்சிருக்கோம். சோறு கேக்குதா, லீவு கேக்குதா?” என்பான் ஹாலிஸ். பொழுது சாய்ந்ததும் பின்படியில் ஒரு பியரோடு உட்கார்ந்து, அவை இடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக உதிர்ந்து வயல்பக்கம் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு வருஷமும் ஆள் வரவில்லை.

அந்த வருஷம் மே மாதத்தில் ஒரு காலை, ஹாலிஸ் சமையலறைக்கு வந்து காபியை ஊற்றிக்கொண்டே இடது மணிக்கட்டை நீட்டினான்.

“இங்க பாரு டெல். மேல இருக்கறவன்ல ஒருத்தன் வழி தவறி என் ரூமுக்கு வந்துட்டான். தூக்கத்துல கையை வெச்சேன். கோவத்துல ஒரு கிள்ளு கிள்ளிட்டான்.”

இடெல்லா மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தாள். இரண்டு சிவந்த புள்ளிகள். கூர்ந்து பார்த்தால்தான் தெரிந்தன.

“அது எங்க இப்ப?”

“ஜன்னலத் தொறந்து விட்டேன். போயிட்டான். மன்னிப்புக் கேக்கல.”

“டாக்டர்கிட்ட போய்க் காட்டுடா.”

“இதுக்கா? பிளாக்பெர்ரி முள்ளு குத்தினா இதைவிட ரத்தம் வரும். சோப்பு போட்டுக் கழுவிட்டேன். போய்க் காட்டினா டாக்டரே சிரிப்பாரு.”

சாயங்காலம் திரும்பவும் சொன்னாள். அவன் ரேடியோவில் பந்தாட்டம் கேட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் பேருந்தில் ஒரு டயர் போனது. பிறகு பள்ளியில் வருஷக் கடைசி, பிள்ளைகளை அங்கே கொண்டுபோ இங்கே கொண்டுவா என்று அவளுக்கு ஓயாத அலைச்சல். புள்ளிகள் மறைந்தன. இரண்டு பேரும் அதை மறந்தே போனார்கள்.

ஜூன் முடிகிற நாட்களில் ஹாலிஸ் இடது கையை உதறிக்கொண்டே இருந்தான். உள்ளே எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றான். ரம்பத்தைப் பிடித்துப் பிடித்து நரம்பு களைத்துவிட்டது என்று அவனே காரணமும் சொல்லிக்கொண்டான். பிறகு காய்ச்சல். கோடைக் காய்ச்சல் என்று இரண்டு நாள் படுத்திருந்தான். மூன்றாம் நாள் காலை இடெல்லா காபி கொண்டுபோய்க் கொடுத்தாள். கோப்பை உதட்டைத் தொட்டதும் அவன் தொண்டை இறுகி உடம்பே பின்னால் வெட்டியது. கோப்பை சுவரில் போய் விழுந்தது. உடைந்து கிடந்த கோப்பையை, தன்னை யாரோ கைநீட்டி அடித்துவிட்டது போல் பார்த்தான்.

“என்னடா ஆச்சு?”

“தெரியல டெல். உள்ள போக மாட்டேங்குது.”

அவனைக் காரில் ஏற்றி மருத்துவமனைக்கு ஓட்டினாள். வழியில் ஜன்னல் காற்று முகத்தில் பட்டபோதெல்லாம் அவன் கழுத்து துடித்தது. கண்ணாடியை ஏற்றிவிடச் சொன்னான். வெயில் கொளுத்துகிற நாளில் மூடிய காருக்குள் இரண்டு பேரும் வியர்த்துக் கொட்டியபடி போனார்கள்.

அங்கே என்னென்னவோ கேட்டார்கள். உண்ணி கடித்ததா, காட்டுக் காளான் தின்றானா, குடிப்பானா, எப்போதாவது இப்படிப் பயந்ததுண்டா. எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தாள் இடெல்லா. மறுநாள் ஓர் இளம் பெண் மருத்துவர் நடைக்கூடத்தில் அவளிடம் வந்தார்.

“கொஞ்ச மாசத்துல ஏதாவது மிருகம் கடிச்சுதா? நாய், நரி, இப்படி எதுவா இருந்தாலும் சொல்லுங்க.”

இல்லை என்று சொல்லத்தான் இடெல்லா வாயைத் திறந்தாள். அப்போது அந்த மணிக்கட்டு கண்முன் வந்தது.

“வௌவால்” என்றாள். அவ்வளவு பெரிய குரல் அவளுக்கே கேட்காத அளவுக்கு வந்தது. “மே மாசம். சின்னதா.”

மருத்துவர் எழுதப் போன பேனாவை மூடிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த விதத்திலேயே இடெல்லாவுக்குப் புரிந்துவிட்டது. கடித்த உடனே ஊசி போட்டிருந்தால் தப்பித்திருக்கலாம், ரேபிஸ் என்கிற வெறிநோய் வெளியே தெரிந்துவிட்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதை அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். சொல்லிவிட்டு எழுந்து போகாமல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தார். அதை இடெல்லா பிறகும் நினைத்துக்கொள்வாள்.

அதற்குப் பிந்திய நாட்களைப் பற்றி அவள் அதிகம் பேசியதில்லை. ஹாலிஸ் தண்ணீர் கேட்பான். “டெல், தண்ணி” என்பான், சின்ன வயதில் கேட்டது போல. கொண்டுபோனால், தம்ளரைப் பார்த்ததுமே உடம்பு தூக்கிப்போடும், தள்ளிவிடுவான். தள்ளிவிட்டு மறுபடி கேட்பான். ஈரத்துணியால் உதட்டைத் தொட்டால்கூடத் தொண்டை இறுகியது. வாயோரம் வழிவதைத் துடைத்தபடி அவள் இருந்தாள். கடைசியில் மருந்து கொடுத்துத் தூங்க வைத்தார்கள். தூக்கத்திலேயே போய்விட்டான்.

துடைத்த கைக்காக அவளுக்கும் ஊசிகள் போட்டார்கள். இறந்தவனுக்குக் கிடைக்காத ஊசி. சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அவள் முதல்முறையாக அழுதாள்.

அடக்கம் முடிந்து மாதாகோயில் கூடத்தில் சாப்பாடு நடந்தது. பன்றித்தொடை, உருளைக்கிழங்கு சாலட், ஐந்தாறு வகைப் பலகாரம். எல்லோரும் வந்திருந்தார்கள். கொஞ்சம் பேர் அவளைக் கட்டிக்கொண்டார்கள். கொஞ்சம் பேர் கையை மட்டும் ஆட்டிவிட்டு எட்ட நின்றார்கள். அந்த நோய் ஒட்டிக்கொள்ளுமோ என்று அவர்களுக்கு உள்ளூரப் பயம். இடெல்லா அதைப் பார்த்தாள், குறை சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால், தலைக்கு மேலே அவை இருந்தன. பகல் வெக்கையில் இடம் மாறி உட்காரும் சத்தம், நகம் பலகையில் பிறாண்டும் சத்தம், இடையில் குட்டிகளின் மெல்லிய கீச்சொலி. இத்தனை வருஷமாக அவள் காதில் விழாமலே இருந்த சத்தம். அன்றிலிருந்து வேறெதுவும் கேட்கவில்லை. மாடியில் படுக்க முடியாமல் சமையலறை பெஞ்சில் படுத்தாள்.

அந்தப் பக்கத்தில் வீடுகளிலிருந்து வௌவால் வெளியேற்றும் வேலை செய்கிறவர் ஆர்மண்ட் தீபோ. கனடாவிலிருந்து வந்த பிரெஞ்சுக் குடும்பத்து ஆள், ஒல்லி, புகையிலை மெல்லுகிறவர். கூப்பிட்டதும் வந்தார். ஏணி வைத்துச் சுற்றிலும் பார்த்தார். மச்சுக் கதவைத் திறந்து விளக்கடித்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

“பெரிய கூட்டம். ஆகஸ்ட் நடுவுல வர்றேன்” என்றார்.

“இது ஜூலை.”

“தெரியும், மிஸ் கிராண்டல். இப்ப உள்ள குட்டிங்க இருக்கு. இன்னும் பறக்கத் தெரியாது. இப்ப அடைச்சா தாய்ங்க வெளிய நிக்கும், குட்டிங்க உள்ள கெடக்கும். பசியில சுவத்துக்குள்ள எறங்கும். எந்தச் சந்து கெடைச்சாலும் அது வழியா ரூமுக்கு வரும். வராதது உள்ளயே செத்துப்போகும்.”

“சாகட்டும். சாகணும்னுதான் உங்களக் கூப்பிட்டேன்.”

ஆர்மண்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “உங்க தம்பிய எனக்குத் தெரியும். என் ரம்பத்தை அவர்தான் சரி பண்ணிக் கொடுத்தாரு.”

“அப்படின்னா இன்னிக்கே செய்யுங்க.”

“நான் செய்ய மாட்டேங்க.”

“உங்க வீட்டுல ஒருத்தர் போயிருந்தா செஞ்சிருப்பீங்க.”

“இருக்கலாம்” என்றார் அவர். “ஆனா அதுக்காக அது சரின்னு ஆயிடாது. வேற ஆளு கெடைப்பாங்க. நான் தடுக்க மாட்டேன்.”

“கெளம்புங்க” என்றாள் இடெல்லா.

அவர் உடனே கிளம்பவில்லை. வண்டியிலிருந்து கந்தல் துணியும் ஒட்டும் பட்டைகளும் எடுத்துவந்து, மச்சுக் கதவைச் சுற்றியும் ஹாலிஸ் அறைக் கூரையிலிருந்த விரிசல்களிலும் அடைத்தார். உள்ளே ஒன்றும் வரக்கூடாது, அதை மட்டும் இப்போதே செய்யலாம் என்றார். வேலை முடிந்ததும் அவள் முகத்தைப் பார்க்காமல் தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் பக்கத்துப் பால்பண்ணை மெரிட் சோல்ஸ் வந்தார். அறுபத்தைந்து வயது, ஹாலிஸோடு மான் வேட்டைக்குப் போய்க்கொண்டிருந்தவர். மனைவி கொடுத்தனுப்பிய மாக்கரோனியை மேசையில் வைத்துவிட்டு, தீபோ சொன்னதை இடெல்லா சொல்லக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் சிவந்தது.

“அந்தாளுக்கு வௌவாலு மாமனா மச்சானா? ஒரு மனுஷனைக் கொன்னுருக்கு, இவரு குட்டிக்குத் தாலாட்டு பாடறாரு. நீ ஒண்ணும் பண்ண வேணாம் இடெல்லா. பொழுது சாயறப்ப எல்லாம் வெளிய போகுமில்ல? போனதும் பலகை அடிச்சிடறேன். அரை மணி வேலை.”

அவள் சரி என்றாள். யோசிக்கவே இல்லை. அந்தச் சாயங்காலம் வௌவால்கள் இடுக்கிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்து வயல் மேல் போனதை இரண்டு பேரும் முற்றத்தில் நின்று பார்த்தார்கள். கடைசியாக ஒன்றும் வராமல் போனதும் மெரிட் ஏணியில் ஏறினார். இடெல்லா கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு ஆணி இறங்கும்போதும் அவள் நெஞ்சில் ஒரு திருப்தி இறங்கியது. அது உண்மை. அதை அவள் பிறகு ஒருபோதும் மறைத்ததில்லை.

விடிந்து வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள். பலகையைச் சுற்றிச் சுவரெல்லாம் பழுப்புக் கந்தலை ஒட்ட வைத்தது போல் தாய்கள் தொங்கின. வெயில் ஏறியதும் கூரை விளிம்புக்கு அடியில் நகர்ந்து ஒடுங்கிக்கொண்டன. ஒன்றும் போகவில்லை.

அன்று வருஷத்திலேயே கொடிய வெக்கை. தகரக் கூரை காய்ந்து டப் டப்பென்று வெடித்தது. உள்ளே கீச்சொலி காலையில் மழைபோல் கேட்டது. இடெல்லா ரேடியோ வைத்தாள். பாத்திரம் தேய்த்தாள். கொட்டகைக்குப் போய் உட்கார்ந்தாள். அங்கே ஹாலிஸ் பாதியில் விட்ட புல்வெட்டியின் உறுப்புகள் துணி மேல் வரிசையாக இருந்தன. அங்கேயும் உட்கார முடியவில்லை. மத்தியானத்துக்கு மேல் வீட்டுக்குள் வந்தால் சத்தம் பாதியாகக் குறைந்திருந்தது. குறைந்துகொண்டே போனது. அது நின்றுவிட வேண்டும் என்றுதான் அவள் காத்திருந்தாள். ஆனால் குறையக் குறைய அதைத்தான் காது கொடுத்துக் கேட்டாள்.

ஹாலிஸின் சட்டைகளை மடித்து வைத்துவிடலாம் என்று மாடி ஏறினாள். விரிப்பு இல்லாத மெத்தை மேல் ஒரு குட்டி கிடந்தது. தீபோ அடைக்காமல் விட்ட விளக்குத் துளை வழியாக விழுந்திருக்க வேண்டும். முடி முளைத்து, இறக்கை மடங்கி, ஒரு வாடிய இலை அளவுதான் இருந்தது. இடெல்லா தடித்த தோலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு, தகர வாளியையும் எடுத்துவந்து குனிந்தாள். வாளியில் தள்ளி மூடிவிடுவது என்றுதான் நினைத்தாள்.

குட்டியின் வாய் திறந்தது. மூடியது. திறந்தது. சத்தம் வரவில்லை. நாக்கு மட்டும் வெளியே வந்து எதையோ தேடிவிட்டு உள்ளே போனது.

அந்த வாயை அவள் ஏற்கெனவே பார்த்திருந்தாள். ஈரத்துணியோடு பக்கத்தில் உட்கார்ந்து, நாள் கணக்கில் பார்த்திருந்தாள்.

அவள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, தனியாகவே ஏணியைச் சாத்தி ஏறினாள். மெரிட்டின் ஆணிகள் நீளமானவை. முதல் பலகை பெயர்வதற்குள் உள்ளங்கை கிழிந்துவிட்டது. எதிர்வயலில் வைக்கோல் கட்டிக்கொண்டிருந்த மெரிட் பார்த்துவிட்டு டிராக்டரை அப்படியே விட்டு ஓடி வந்தார்.

“இடெல்லா! என்ன பண்றே?”

“புடுங்கறேன்.”

“பைத்தியமா உனக்கு? ஹாலிஸைக் கொன்னதுங்க அதுங்க!”

“எனக்குத் தெரியாதா மெரிட்? பக்கத்துல உக்காந்து பாத்தவ நானு. நீங்களா பாத்தீங்க?”

“அப்புறம் எதுக்கு?”

அவள் ஏணியில் நின்றபடியே திரும்பினாள். முகமெல்லாம் வியர்வையும் கண்ணீரும். பேருந்தில் போடுகிற அதட்டல் அப்போதுதான் வெளியே வந்தது.

“இன்னொரு உசிரு தாகத்துல தவிச்சு இந்த வீட்டுல சாகக் கூடாது. அவ்வளவுதான். அதுங்க மேல எனக்கு ஒரு பாசமும் இல்ல. என்னால கேக்க முடியல, அவ்வளவுதான்!”

மெரிட் திரும்பி வயலுக்கு நடந்தார். ஏணியைப் பிடிக்கவில்லை. அவர் அடித்த பலகையை அவர் கண்முன்னே பிடுங்கியது அவருக்கு அவமானமாகிவிட்டது. அதற்குப் பிறகு பல நாள் அவர் வண்டி அவள் வீட்டு வாசலில் வேகம் குறைக்காமல் போனது.

இடெல்லா மெத்தை மேல் கிடந்த குட்டியைத் தோலுறைக் கையால் ஒரு பழைய தகர டப்பாவில் எடுத்து, ஏணி ஏறி, திறந்த இடுக்குக்குள் விட்டாள். அது இருட்டில் நகர்ந்து மறைந்தது. பிழைத்ததா என்று அவளுக்குத் தெரியாது. அன்று பொழுது சாய்வதற்கு முன்பே தாய்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு உள்ளே போயின. சத்தம் திரும்பவும் ஏறியது. அவள் சமையலறை பெஞ்சில் படுத்துக் காதைத் தலையணையால் பொத்திக்கொண்டாள். அதைக் கேட்டுக்கொண்டு சந்தோஷப்படவும் அவளால் முடியவில்லை.

தீபோவுக்குத் தொலைபேசியில் சொன்னாள்: “ஆகஸ்ட்டுல வாங்க.”

“சரி” என்றார் அவர்.

அந்த இடைப்பட்ட வாரங்களில் அவள் கொட்டகையைக் காலி செய்தாள். இயந்திரங்களின் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். என்ன பேசுவது என்று தெரியாமல், புல்வெட்டியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டு நின்றார்கள். ஹாலிஸ் ஒருமுறை தங்கள் இயந்திரத்தைப் பார்த்து என்ன கிண்டல் செய்தான் என்று ஒரு கிழவர் சொல்ல ஆரம்பித்து, நடுவிலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டார். இடெல்லா அவர் முதுகைத் தட்டி வண்டியில் ஏற்றிவிட்டாள். பள்ளியிலிருந்து தலைமை அலுவலர் கூப்பிட்டார். சில பெற்றோர் கவலைப்படுகிறார்கள், உடம்பு சரியாக இருக்கிறது என்று மருத்துவரிடம் ஒரு சான்று வாங்கித் தர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். வாங்கிக் கொடுத்தாள். கோபப்படக்கூட அப்போது அவளிடம் தெம்பில்லை.

ஆகஸ்ட் பிறந்தது. சாயங்காலங்களில் புதிதாகப் பறக்கக் கற்ற குட்டிகள் தடுமாறிக்கொண்டு இடுக்கிலிருந்து வெளிவந்தன. பின்படியில் ஹாலிஸ் உட்கார்ந்த இடத்தில் அவள் உட்காரவில்லை. சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

ஆர்மண்ட் சொன்னபடி வந்தார். மற்ற சந்துகளையெல்லாம் முதலில் அடைத்தார். பெரிய இடுக்கின் மேல் ஒரு வலையைத் திரைபோல் தொங்கவிட்டார். மேலேயும் பக்கங்களிலும் ஆணி, கீழே திறப்பு. உள்ளிருந்து வருவது வலைக்குள் ஊர்ந்து கீழ்வழியாக வெளியே விழுந்துவிடும். திரும்பி வரும்போது நேராக இடுக்குக்குத்தான் போகும். அங்கே வலை தடுக்கும். கீழே வந்து நுழையும் புத்தி அதற்கு இல்லை.

முதல் இரண்டு விடியற்காலையும் திரும்பி வந்தவை வலையில் மோதி மோதிச் சுற்றின. பிறகு குறைந்தன. ஒரு வாரம் போனதும் ஆர்மண்ட் மச்சுக்குள் ஏறி மூலைமுடுக்கெல்லாம் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, “ஒண்ணும் இல்ல” என்றார். வலையைக் கழற்றி இடுக்கை அடைத்தார்.

மிச்சம் இருந்தது எச்சம். தலைமுறை தலைமுறையாக விழுந்தது, முழங்கால் ஆழத்துக்குக் கிடந்தது. மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, தூசி பறக்காமல் இருக்கத் தண்ணீர் தெளித்து, இடெல்லாவும் ஆர்மண்டும் வாரினார்கள். ஒரு மூலையில், மேலாகவே, கையளவு இடத்தில் காய்ந்த குட்டிகள் கிடந்தன. அந்த ஒரு நாளில் செத்தவை. ஆர்மண்ட் அவளைப் பார்த்தார். அவள் மறைக்காமல் சொன்னாள்: “என் கையாலதான். நான்தான் ஏணியப் பிடிச்சேன்.” அவர் தலையாட்டிவிட்டு, மண்வாரியால் அவற்றைத் தனியாக எடுத்து ஒரு சாக்கில் போட்டார்.

மூட்டைகள் முற்றத்தில் குவிந்தபோது ஒரு டிராக்டர் சத்தம் கேட்டது. மெரிட், பின்னால் இழுவண்டியோடு. யாரும் கூப்பிடவில்லை.

“எங்க கொண்டுபோய்ப் போடறதா உத்தேசம்? உன் கார் டிக்கிலயா?” என்று இறங்காமலே கேட்டார்.

“இன்னும் யோசிக்கல.”

“ஏத்து. என் மக்காச்சோளக் காட்டுக்கு எருவா ஆகும்.” பிறகு ஆர்மண்டைப் பார்த்தார். “நீதானா அந்தத் தாலாட்டுக்காரன்?”

“ஆமா. நீங்கதானா அந்தப் பலகைக்காரரு? ஆணி நல்ல ஆணி” என்றார் ஆர்மண்ட்.

மெரிட் சிரிக்கவில்லை. ஆனால் இறங்கி மூட்டையின் மறுமுனையைப் பிடித்தார். மூன்று பேரும் சாயங்காலம் வரை ஏற்றினார்கள். மச்சில் கிடந்த பழைய பனிச்சறுக்குக் கட்டைகள், பெட்டிகள், ஈரம் ஊறிய மெத்தை எல்லாம் போயின. எதையும் எடுத்து வைத்துக்கொள்ள இடெல்லாவுக்குத் தோன்றவில்லை.

செப்டம்பரில் பேருந்தில் ஏறி உட்கார்ந்தாள். முதல் நாள் சில பிள்ளைகளின் அம்மாக்கள் சாலையோரம் வந்து நின்று அவளைப் பார்த்தார்கள். இரண்டாம் வாரம் யாரும் நிற்கவில்லை.

மார்ச் மாதம் ஊர்க்கூட்டம். மக்கள் எல்லோரும் பள்ளிக்கூட உடற்பயிற்சி அறையில் மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்து, பாலம் பழுது, சரளைக்கல் செலவு என்று ஒவ்வொன்றாக வாக்களிப்பார்கள். எல்லாம் முடிந்து, வேறு யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று நடத்துகிறவர் கேட்டார். வழக்கமாக அப்போது எல்லோரும் கோட்டுகளை மாட்டிக்கொண்டிருப்பார்கள். கடைசி வரிசையில் இடெல்லா எழுந்து நின்றாள். சலசலப்பு தானாக அடங்கியது.

“என் தம்பி எப்படிச் செத்தான்னு எல்லாருக்கும் தெரியும்” என்றாள். முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். “இந்த ஊருல பாதி வீட்டு மச்சுல வௌவால் இருக்கு. இருந்துட்டுப் போகட்டும், வெரட்டுங்க, அது உங்க பாடு. ஆனா தூங்கற ரூமுக்குள்ள ஒண்ணு வந்துட்டா, கடிச்ச மாதிரி தெரியலேன்னாலும் போய் ஊசி போட்டுக்குங்க. ஜன்னலத் தொறந்து வெளிய விட்டுடாதீங்க. கையால தொடாம டப்பா போட்டு மூடி எடுத்துட்டுப் போங்க; அதுக்கு நோய் இருக்கான்னு பாத்துடுவாங்க. டாக்டர் சிரிப்பாருன்னு நெனைச்சான் என் தம்பி. யாரும் சிரிக்க மாட்டாங்க. வண்டி இல்லேன்னா, துணை இல்லேன்னா எனக்கு போன் பண்ணுங்க. எந்நேரமா இருந்தாலும் வர்றேன்.”

உட்கார்ந்தாள். கூட்டம் முடிந்தது என்று நடத்துகிறவர் மெதுவாக அறிவித்தார்.

அந்தக் கோடையிலேயே முதல் அழைப்பு வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் புதிதாகக் குடிவந்த தெஸ்ஸா என்ற இளம் பெண், ஊர்க்கூட்டத்தில் இடெல்லா பேசியதைக் கேள்விப்பட்டவள். காலையில் எழுந்தபோது குழந்தையின் தொட்டிலுக்கு மேலே திரையில் வௌவால் ஒட்டிக்கொண்டிருந்ததாம். பயத்தில் துடைப்பத்தால் வெளியே தள்ளிவிட்டாளாம். இனி அதைப் பிடித்துப் பரிசோதிக்க வழியில்லை. கணவன் வெளியூரில்.

இடெல்லா அடுப்பை அணைத்துவிட்டுக் காரை எடுத்தாள். தெஸ்ஸா வாசலிலேயே குழந்தையோடு நின்றாள், தலைகூட வாரவில்லை.

“ஒடம்புல ஒரு கீறல்கூட இல்ல. நாலு தடவ தேடிப் பாத்துட்டேன். ஒண்ணுமில்லாததுக்குப் போறோமோ?” என்று கேட்டாள், கார் நகர்ந்ததும்.

“ஒண்ணுமில்லாததா இருந்தா நல்லதுதானே. போய்ட்டு வந்து ரெண்டு பேரும் காபி குடிப்போம்.”

ஆற்றோரச் சாலைக்கு இறங்கியதும் தெஸ்ஸா மெல்லக் கேட்டாள்.

“ஊசி ரொம்ப வலிக்குமா? இவ இத்தனூண்டு இருக்கா.”

“வலிக்கும். கத்துவா. நீயும் கூடச் சேர்ந்து அழுவே. அப்புறம் சரியாயிடும்.”

“நீங்க உள்ள வருவீங்களா?”

“முடியற வரைக்கும் இருக்கேன்” என்றாள் இடெல்லா. குழந்தை பின்சீட்டில் விரலைச் சப்பிக்கொண்டு தூங்கிப்போயிருந்தது. முன்னால் மரக்கட்டை ஏற்றிய ஒரு லாரி ஊர்ந்து போய்க்கொண்டிருந்தது. அவள் ஒலிப்பானை அழுத்தி, அதைத் தாண்டி ஓட்டினாள்.